ஹார்லன் பீட் முதலிடத்தில் இருந்த சனிக்கிழமை

ஹார்லன் பீட்டை அவன் அம்மா ஒழுங்காக வளர்த்துவிட்டாள். அவன் வாழ்க்கையில் வந்த அத்தனை கஷ்டத்துக்கும் அதுதான் காரணம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு, ஏப்ரல் ஆறாம் தேதி. நெப்ராஸ்காவில் பனி உருகி ஊர் முழுக்கக் கணுக்கால் அளவு சேறு. பதினேழு வயது ஹார்லனும், பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்காமல் இருந்த டெல்பர்ட் நாக்ஸும், எங்கள் டால்டன் க்ரீக் லோகோ ஷெட்டுக்கு வேலை கேட்டுப் போனார்கள். என்ஜினில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன் வேலை. இருபத்தொரு வயது முடிந்திருக்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். முடிந்துவிட்டது என்று சொன்னால் போதும் என்பது ஊர் வழக்கம். பிறந்த தேதிக்குக் காகிதம் கேட்கிற காலமில்லை அது. மூக்குக்குக் கீழே நாலு முடி தெரிந்தால் ஆள் தேறிவிடுவான்.

ஃபோர்மேன் அறை வாசலில் ஹார்லன் நின்றான். அம்மா சொல்லிக்கொடுத்தபடி பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றைப் படிக்கட்டு ஓரத்தில் தேய்த்துத் தட்டினான். முதலில் வலது கால், அப்புறம் இடது கால். டெல்பர்ட்டின் அம்மாவும் அதையேதான் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவன் கேட்டால்தானே. சேற்றோடு சேறாக உள்ளே போய், மேஜைக்கு முன்னால் நின்று, சுவரில் தொங்கிய காலண்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இன்னிக்குத்தான் சார் எனக்கு இருபத்தொண்ணு முடியுது” என்றான்.

ஃபோர்மேன் சிரித்துக்கொண்டே எழுதினார். “பொறந்த நாளுக்கு வேலை கேக்க வந்தியா? நல்லது, கையெழுத்துப் போடு. அடுத்தவன் யாரு?”

அடுத்தவன் சுத்தமான பூட்ஸோடு உள்ளே வந்தான். வாயில் தயாராக வைத்திருந்த பொய்யை டெல்பர்ட் எடுத்துக்கொண்டுவிட்டான். ஒரே நாளில் இரண்டு பேருக்கும் பிறந்த நாள் என்றால் எந்த மடையன் நம்புவான்? யோசிக்க நேரமில்லை. நாக்கில் சனி ஏறி உட்கார்ந்தது.

“எனக்கு நாளைக்கு சார்.”

“அப்போ நாளைக்கு வா” என்றார் ஃபோர்மேன்.

நாளைக்குப் போனான். வேலை கிடைத்தது. அந்த ஒரு நாள்தான் நாற்பத்தொன்பது வருஷம் அவன் தலையில் உட்கார்ந்திருந்தது.

ரயில்காரர்களுக்குச் சாமி, சர்ச் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். மற்ற ஆறு நாளும் அவர்கள் கும்பிடுவது பணிமூப்புப் பட்டியலை. யார் எந்தத் தேதியில் சேர்ந்தான் என்பதை வரிசையாக டைப் அடித்து அலுவலகச் சுவரில் கண்ணாடிக்குள் மாட்டியிருப்பார்கள். நல்ல வண்டி ஒன்று காலியானால் பட்டியலில் மேலே இருக்கிறவனுக்கு அது. ஓட்டிக்கொண்டிருக்கிற வண்டியைக் கம்பெனி நிறுத்திவிட்டால், தனக்குக் கீழே இருக்கிற எவனை வேண்டுமானாலும் தள்ளிவிட்டு அவன் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். தள்ளப்பட்டவன் தனக்குக் கீழே ஒருவனைத் தேடுவான். கடைசியில் இருக்கிறவன் வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு தோண்டுவான். கெட்டிக்காரன், முட்டாள், யோக்கியன், திருடன் என்ற பேச்சுக்கே இடமில்லை. தேதிதான் எல்லாம்.

தள்ளுவதற்கு எங்கள் ஊரில் ஒரு மரியாதையும் உண்டு. தள்ளியவன், தள்ளப்பட்டவனை ஸ்டேஷன் கேன்டீனுக்குக் கூட்டிப்போய், காபியும் ஒரு துண்டு பையும் வாங்கித் தர வேண்டும். பழத்தை மாவுக்குள் மூடிச் சுடுவார்களே, அந்தப் பை. டெல்பர்ட் எப்போதும் ருபார்ப் போட்டதைத்தான் வாங்கித் தருவார். புளிச்ச கீரைத்தண்டைச் சர்க்கரையில் முக்கிய மாதிரி இருக்கும். ஹார்லனுக்கு அதைக் கண்டாலே குமட்டும். ஆனால் வாங்கித் தந்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

முதல் துண்டை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதில் சாப்பிட்டார். அப்போது இரண்டு பேரும் டிரைவர் ஆகிவிட்டார்கள். கிளைப் பாதையில் தினமும் சாயங்காலம் வீடு திரும்புகிற ஒரு சின்ன வண்டி ஹார்லனுக்கு வந்தது. ஐடாவைக் கல்யாணம் செய்து அவளோடு முழுசாக மூன்று வாரம் குடும்பம் நடத்தினார். டெல்பர்ட்டின் வண்டி நின்றது. தள்ளு, பை. ஹார்லன் மாட்டு வண்டிக்குப் போனார். காளை மாடு பூட்டியது இல்லை. நாற்பது பெட்டி நிறைய மாடு ஏற்றி ஒமாஹா கசாப்புக் கூடத்துக்குக் கொண்டுபோகிற வண்டி. மகள் நோரா பிறந்தபோது அவர் எழுபது மைலுக்கு அப்பால் ஒரு பக்கவாட்டுத் தண்டவாளத்தில், எக்ஸ்பிரஸ் தாண்டட்டும் என்று மாட்டுச் சாண வாசனையில் காத்துக்கொண்டிருந்தார். நோராவுக்குப் பல் முளைத்ததும் பல் விழுந்ததும் அவருக்குக் கடிதத்தில்தான் தெரியும்.

முப்பத்தெட்டில்தான் அந்தப் பெரிய அடி. ஏழாம் நம்பர் பாசஞ்சர் என்று ஒன்று உண்டு. காலை ஒன்பது பத்துக்கு டால்டன் க்ரீக்கில் கிளம்பி, பகலில் கிராண்ட் ஃபோர்டு போய், ஐந்தரைக்குத் திரும்பிவிடும். ஞாயிறு ஓட்டம் கிடையாது. எங்கள் டிவிஷனில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்டாட்டி கையால் சாப்பிடக்கூடிய ஒரே டிரைவர் அந்த ஏழாம் நம்பர்க்காரன்தான். அதை ஓட்டிய கிழவர் செத்துப்போனார். டெல்பர்ட் அப்போது குடலிறக்க ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வண்டி ஹார்லனுக்கு வந்தது.

பதினொரு நாள் ஓட்டினார். அதில் ஒரு ஞாயிறு இருந்தது. ஐடா கோழி வறுத்தாள், உருளைக்கிழங்கை வெண்ணெயில் மசித்தாள், வெள்ளை மேஜைவிரிப்பு விரித்தாள். அந்தக் கோழியைப் பற்றி ஹார்லன் பதினெட்டு வருஷம் பேசினார். பன்னிரண்டாம் நாள் டெல்பர்ட் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்து நின்றார்.

“வாடா, பை சாப்பிடலாம்” என்றார்.

டெல்பர்ட் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சட்டப்படிதான் தள்ளினார், ஒவ்வொரு தடவையும் சிரித்த முகமாகத் தள்ளினார். மனைவி போன பிறகு அவருக்கு வீட்டில் ஈ காக்கா இல்லை. ஞாயிற்றுக்கிழமை தகர டப்பாவைத் திறந்து பீன்ஸ் தின்கிறவருக்கு ஞாயிறு விடுமுறையுள்ள வண்டி எதற்கு என்று கேட்டால், “மேல இருக்கேன்ல?” என்பார். அதற்கு மேல் அவருக்கே காரணம் தெரியாது.

ஐம்பத்தொன்றில் நீராவி என்ஜின்கள் போய் டீசல் வந்தது. ஷெட்டில் பெரிய பெரிய ஆண்பிள்ளைகள் மூக்கைச் சிந்தினார்கள். டெல்பர்ட் ஒரு பழைய என்ஜினின் சக்கரத்தைத் தடவிக்கொண்டே அழுதாராம். ஹார்லனுக்குக் கண்ணீர் வரவில்லை. குளிரில் முன்பக்கம் வெந்து முதுகுப்பக்கம் உறைந்து நாற்பத்து நாலு வருஷம் போன உடம்பு அது. டீசலில் மெத்தை வைத்த நாற்காலி இருந்தது, கதவைச் சாத்த முடிந்தது. ஐடா ஒரு படி மேலே போய், துவைத்த துணியை முதல் தடவையாகத் துணி நிறத்திலேயே கொடியிலிருந்து எடுத்தேன் என்று அக்கம்பக்கத்துக்குக் கேக் செய்து கொடுத்தாள்.

இப்படியே ஐம்பத்தாறு வந்தது. பட்டியலை டைப் அடிக்கிற ஓபல் ரிக்ஸ் ஒரு நாள் ஹார்லனைச் சன்னல் வழியாகக் கூப்பிட்டாள். ஓபல் ஓயாமல் சூயிங்கம் மெல்லுகிறவள். சங்க ஒப்பந்தப் புத்தகம் முழுக்க அவளுக்கு மனப்பாடம்.

“ஹார்லன், எழுபது முடியிற அன்னிக்கு வேலை முடிஞ்சது, அதுதானே சட்டம்?”

“ஆமா.”

“டெல்பர்ட் என்னிக்குப் பொறந்ததா எழுதியிருக்கார் தெரியுமா? எண்பத்தாறு, ஏப்ரல் ஆறு. நீங்க?”

ஹார்லன் யோசித்தார். உண்மையில் பிறந்தது எண்பத்தொன்பதில், நவம்பரில். ஆனால் நாற்பத்தொன்பது வருஷமாகக் கம்பெனிக்குச் சொல்லிவரும் தேதி வேறு. “ஏப்ரல் ஏழு.”

“அப்போ வெள்ளிக்கிழமையோட அவர் காலி. சனிக்கிழமை ஒரு நாள் நீங்கதான் லிஸ்ட்ல முதல் ஆள். அன்னிக்கு டிவிஷன்ல எந்த வண்டி வேணும்னாலும் நீங்க எடுக்கலாம். ஒருத்தன் வாயைத் திறக்க முடியாது.” ஓபல் கம்மை மறுபக்கக் கன்னத்துக்கு மாற்றினாள். “ஒரு நாள் ராஜா.”

ஹார்லன் வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது என்று ஐடா சொன்னாள். சவரம் செய்யும்போது விசில் அடித்தார். அந்த முட்டாள்தனமான ‘நாளைக்கு’ கடைசியில் ஒரு நாளைத் திருப்பித் தரப்போகிறது. ஏழாம் நம்பரை ஒரே ஒரு தடவை, யாரும் தள்ள முடியாத ஆளாக ஓட்ட வேண்டும். அந்த ஒரு நாளைத் தவிர அவருக்கு இந்தக் கம்பெனியிடம் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட மாட்டான் என்பார்கள். பூசாரியின் பெயர் வெக்ஸ்லர், டிவிஷன் சூப்பரிண்டெண்டென்ட். வியாழக்கிழமை ஹார்லனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டெல்பர்ட் ஏற்கெனவே அங்கே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஹார்லன், ஒமாஹாவுல ஒரு சங்கம் இருக்கு” என்று ஆரம்பித்தார் வெக்ஸ்லர். “பழைய ரயில் ரசிகர்கள். நூத்தி நாப்பது பேர். டாக்டர், வக்கீல், பல் டாக்டர் எல்லாம் இருக்காங்க. நம்ம ஷெட்டுக்குப் பின்னாடி துருப்பிடிச்சு நிக்கிற அந்த நீராவி என்ஜினைச் சுத்தம் பண்ணி, ஏழாம் நம்பர்ல பூட்டி, கிராண்ட் ஃபோர்டு வரைக்கும் ஒரு நாள் ஓட்டணும்னு கேக்குறாங்க. டெல்பர்ட்டோட கடைசி ஓட்டம்னு போட்டு டிக்கெட்டே அடிச்சாச்சு.”

“வெள்ளிக்கிழமையா சார்?”

“வெள்ளிக்கிழமை பல் டாக்டர் பல்லு புடுங்கப் போயிடுவாரேப்பா. சனிக்கிழமை.”

“சனிக்கிழமை அவர் லிஸ்ட்ல இல்லையே சார்.”

“ஒரு நாள் சலுகை. நான் பாத்துக்குறேன். நீ எப்பவும் போல மாட்டு வண்டியைக் கொண்டுபோயிடு.”

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. யார் நாளை எடுத்து யார் யாருக்குக் கொடுப்பது? டெல்பர்ட் கண்ணடித்தார். “டேய், ஒரே ஒரு நாள்தானே. உனக்குத்தான் அந்தக் கிழட்டு என்ஜினைக் கண்டாலே ஆகாதே. நான் உனக்கு நல்லதுதான் பண்றேன்.”

நாற்பத்தொன்பது வருஷப் பழக்கம் ஹார்லனின் வாயைத் திறந்தது. “சரி” என்றது வாய். மனசு அந்தப் பக்கமே வரவில்லை. கேன்டீனுக்குப் போய் ருபார்ப் பையும் தின்றார்.

வீட்டில் ஐடா துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த தலையணை உறையை மேஜையில் வீசினாள்.

“சரின்னா சொன்னே?”

“சொல்லிட்டேன்.”

“உன் வாயில பல்லு இருக்கா, இல்ல அந்த ஒமாஹா டாக்டர் புடுங்கிட்டாரா? நோரா பொறந்தப்போ சரின்னே. அவ கல்யாணத்துக்குச் சர்ச்சுக்குப் பாதிக் கூட்டம் கலைஞ்ச அப்புறம் சாணி நாத்தத்தோட வந்தே, அதுக்கும் சரின்னே. குட்டக் குட்டக் குனியிறவனும் முட்டாள்தான் ஹார்லன்.”

“இப்ப என்ன செய்யச் சொல்றே? மேல இருக்கிறவங்க முடிவு பண்ணிட்டாங்க.”

“சனிக்கிழமை உனக்கு மேல எவன் இருக்கான்?”

ஹார்லன் நாற்காலியில் உட்கார்ந்தார். “எனக்கு அந்த நாள் வேணும் ஐடா” என்றார். “ரொம்ப வேணும். சின்னப் பையன் மாதிரி இருக்கு, வெளிய சொல்ல வெக்கமா இருக்கு. ஆனா வேணும்.”

ஐடாவின் கோபம் பொசுக்கென்று இறங்கிவிட்டது. தலையணை உறையை எடுத்து மறுபடி மடித்தாள். “அப்போ போய் எடுத்துக்கோ. ஓபல்கிட்ட எப்படின்னு கேளு.”

எப்படி என்பது ஒன்றும் ரகசியமில்லை. தள்ளுகிறவன், வண்டி கிளம்புவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அலுவலகத்துக்கு வந்து, பதிவேட்டில் தன் கையால் எழுத வேண்டும். வாய்ச்சொல், கடிதம், சூப்பரிண்டெண்டென்ட்டின் சலுகை எதுவும் அதற்கு முன்னால் நிற்காது. அதை எழுதாத வரைக்கும்தான் வெக்ஸ்லர் பெரிய ஆள்.

வெள்ளிக்கிழமை டெல்பர்ட் டீசல் என்ஜினில் தன் கடைசிச் சட்டபூர்வமான ஓட்டத்தை முடித்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விழாதான் மறுநாள் ஆயிற்றே.

சனிக்கிழமை காலை நல்ல மழை பெய்து விட்டிருந்தது. ஏழு மணிக்கு ஹார்லன் ஷெட் முற்றத்தைக் கடந்து வந்தார். சேறு கணுக்கால் அளவு. அலுவலக வாசலில் வழக்கம்போல் கால் தானாக நின்றது. வலது பூட்ஸைப் படிக்கட்டு ஓரத்தில் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்று அந்தப் பூட்ஸைப் பார்த்தார். பிறகு, “மன்னிச்சுக்கோம்மா” என்று சொல்லிவிட்டு, சேற்றோடு உள்ளே போனார்.

ஓபல் முந்தின நாள்தான் தரையை மெழுகியிருந்தாள். வாசலிலிருந்து மேஜை வரைக்கும் நீளமாக வந்த சேற்றுத் தடத்தைப் பார்த்தாள். பதிவேட்டைத் திறந்து, பேனாவை மையில் தொட்டுக் கொடுத்தாள். ஹார்லன் எழுதினார்: ஏழாம் நம்பர், இன்று, ஹார்லன் பீட்.

“இதையும் பாருங்க” என்றாள் ஓபல். கண்ணாடிச் சட்டத்தில் புதுப் பட்டியல் ஏறியிருந்தது. ஒரு நாளைக்காக நூற்றெட்டுப் பேரையும் உட்கார்ந்து மறுபடி டைப் அடித்திருந்தாள் அந்தப் பெண். முதல் வரியில் அவர் பெயர். அதற்கு மேலே வெறும் வெள்ளைக் காகிதம்.

எட்டரைக்குப் பிளாட்பாரத்தில் கூத்து ஆரம்பமாயிற்று. ஒமாஹா கூட்டம் வந்திறங்கியது. அத்தனை பேரும் கோடு போட்ட தொப்பி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. ஒரு தொப்பியிலும் ஒரு பொட்டுக் கரி கிடையாது. கேமராவும் கையுமாக, “ஆகா, என்ன வாசனை” என்று புகையை மூச்சிழுத்து, இருமினார்கள். நடுவில் டெல்பர்ட், கஞ்சி போட்ட புது ஓவராலில், பொம்மைக் கடையிலிருந்து எடுத்த மாதிரி நின்றார்.

வெக்ஸ்லர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். முகம் பீட்ரூட் ஆகியிருந்தது. “ஹார்லன், விளையாடுறியா? நீ சரின்னு சொன்னே.”

“வியாழக்கிழமை சொன்னேன் சார். அன்னிக்கு நான் ரெண்டாவது ஆள்.”

“நான் ஆர்டர் போட்டா?”

பின்னாலேயே வந்த ஓபல் கம்மை மென்றுகொண்டே சொன்னாள்: “போடுங்க சார். ஒப்பந்தத்துல பன்னிரண்டாவது பிரிவு, மூணாவது பத்தி. ஆறு டிவிஷன் டிரைவருங்களும் திங்கக்கிழமை வண்டியை விட்டு இறங்கிடுவாங்க. கையெழுத்து உங்களோடது, நான் டைப் அடிச்சுத் தரேன்.”

வெக்ஸ்லர் டெல்பர்ட்டைப் பார்த்தார். டெல்பர்ட் ஹார்லனைப் பார்த்தார். தள்ளித் தள்ளியே பழகிய மனுஷனுக்குத் தள்ளப்பட்டால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

“என்னையாடா?” என்றார்.

“உன்னைத்தான்.”

அந்த நேரத்தில் என்ஜினிலிருந்து ஃபயர்மேன் மார்வ் எட்டிப்பார்த்தான். தொப்பை போட்ட ஆள். டீசல் வந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவன். “யோவ், யாராவது வாங்கய்யா” என்றான். “இந்த அடுப்பு அணையுது. இதுல கரியை எங்க போடணும்னே எனக்குத் தெரியலை. நான் சேர்ந்த நாள்ல இருந்து ஸ்விட்ச்தான் தட்டிக்கிட்டு இருக்கேன்.”

நூற்று நாற்பது ரசிகர்களில் ஒருவர்கூட முன்னால் வரவில்லை. பொற்காலத்தைப் படம் எடுக்கலாம், அதற்குக் கரி அள்ள யார் போவது?

ஹார்லன் டெல்பர்ட்டிடம் தன் பழைய தோல் கையுறையை நீட்டினார். “இடது பக்கம், கரி அள்ளுற இடம், காலியாத்தான் இருக்கு. ஷவல் பிடிக்க மறந்துட்டியா?”

“நான் அள்ளி நீ ஓட்டுறதா?”

“இல்லைன்னா பெட்டியில ஏறி பல் டாக்டர் பக்கத்துல உக்காரு. டிக்கெட்ல உன் பேரு போட்டிருக்கு.”

டெல்பர்ட் கையுறையை வாங்கிக்கொண்டார்.

ஒன்பது பத்துக்கு ஹார்லன் நீராவிக் கைப்பிடியை இழுத்தார். உண்மையைச் சொன்னால் அது அருமையான என்ஜின் ஒன்றுமில்லை. நாற்காலி பலகை மாதிரி இருந்தது. குழாய் மூட்டு ஒன்று அவர் முழங்காலில் கொதிநீரைச் சொட்டிக்கொண்டே வந்தது. கண்ணில் கரித்தூள் விழுந்தது. இதற்காகவா அழுதார்கள் என்று நினைத்தார். ஆனாலும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. மேல் சட்டைப் பையில் அந்தப் பட்டியலின் நகலை ஓபல் மடித்து வைத்திருந்தாள். அறுபத்திரண்டு மைலுக்கும் அது நெஞ்சில் மொடமொடவென்று உரசிக்கொண்டே வந்தது.

ஊர் எல்லை தாண்டுவதற்குள் ரசிகர்கள் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். எல்லாரும் இறங்கி வேலியோரம் வரிசையாக நின்றார்கள். வண்டி அரை மைல் பின்னால் போய், கரும்புகை கக்கிக்கொண்டு மறுபடி வர வேண்டுமாம், படம் எடுக்க. அந்தக் காலத்தில் கரும்புகை விட்டால் ஃபயர்மேனுக்குக் கரும்புள்ளி விழும். இப்போது அதையே கைதட்டிக் கேட்கிறார்கள்.

“மூணு தடவை வரணுமாம்” என்றார் டெல்பர்ட், மூச்சு வாங்க. கஞ்சி ஓவரால் கரிச்சட்டி ஆகியிருந்தது. “இவனுங்க என்ன பைத்தியமா?”

“போடு, போடு. முதல் ஆள் சொல்றேன்ல?”

டெல்பர்ட் திட்டிக்கொண்டே அள்ளிப் போட்டார். மூன்று தடவை கக்கிய புகையும் காற்றில் மிதந்து, நேராக ஐடாவின் கொடியில் காய்ந்துகொண்டிருந்த மேஜைவிரிப்பு மேல் இறங்கியது.

கிராண்ட் ஃபோர்டு ஸ்டேஷனில் டெல்பர்ட்டால் நிமிர முடியவில்லை. ஹார்லன் அவரைக் கைத்தாங்கலாகக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, காபியும் ருபார்ப் பையும் வாங்கி முன்னால் வைத்தார். தள்ளியவன் கடமை. டெல்பர்ட் ஒரு வாய் வைத்தார். முகம் சுளித்தது.

“தூ. இதை எப்படிடா இத்தனை வருஷமா தின்னே?”

“நீதானே வாங்கித் தந்தே?”

“இருக்கிறதுலயே இதுதான் விலை கம்மி” என்றார் டெல்பர்ட்.

ஹார்லன் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை, காபி சிந்துகிறவரை சிரித்தார். டெல்பர்ட்டும் சேர்ந்துகொண்டார், முதுகு வலித்ததால் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் பெரிய படம். என்ஜின் வாசலில் கரி அப்பிய முகத்தோடு டெல்பர்ட் நிற்கிறார். பத்திரிகைக்காரன் பார்வைக்கு யார் அதிக அழுக்கோ அவன்தானே டிரைவர். கீழே இப்படி எழுதியிருந்தது: ‘பணிமூப்பில் முதல்வரான டெல்பர்ட் நாக்ஸ் தமது கடைசி ஓட்டத்தில். அருகில், ஃபயர்மேன் ஹார்லன் பீட்.’ அருகில் என்றால் ஒரு முழங்கை. மீதி ஹார்லனை வெட்டிவிட்டார்கள்.

ஐடா அதைப் படித்துவிட்டுக் கொதித்தாள். “ஃபயர்மேனாம். அந்தப் பேப்பர் ஆபீசுக்குப் போய் மேஜையைக் கவுத்துட்டு வரேன்.”

“விடு. படத்துல யாரு இருந்தா என்ன?” என்றார் ஹார்லன். ஓபலின் பட்டியல் சமையலறைச் சுவரில், அடுப்புக்கு மேலே, நாலு ஆணியில் இருந்தது. அவர் சொன்னாரே ஒழிய, அவருக்கும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

ஐடா பத்திரிகையை முன்பக்கம் மேலே தெரிகிற மாதிரி விரித்துப் பின்வாசலில் போட்டாள். கோழி அடுப்பில் இருந்தது. மேஜைவிரிப்பில் கரிப்பொட்டு முந்நூறு இருந்தது, அதையே விரித்துவிட்டாள். டெல்பர்ட்டையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பீன்ஸ் டப்பாவைத் திறந்துகொண்டு தனியாக உட்காரட்டும் என்று விட அவளுக்கு மனசு வரவில்லை.

ஹார்லன் போய் அவரை அழைத்துவந்தார். வேலையில்லாத இரண்டு கிழவர்கள், சேற்று முற்றத்தை மெதுவாகக் கடந்து வந்தார்கள்.

“ரெண்டு பேரும் பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வாங்க” என்று உள்ளிருந்து ஐடா குரல் கொடுத்தாள். “என் வீட்ல சீனியாரிட்டி எல்லாம் கிடையாது.”

ஹார்லனுக்கு அறுபது வருஷப் பழக்கம். தட்டி, கழற்றி, உள்ளே போய்விட்டார். டெல்பர்ட்டுக்குக் குனிய வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்று, பத்திரிகையிலிருந்த தன் முகத்தின் மேலேயே சேற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் அள்ளிய கரி முதுகில் ஒவ்வொரு எலும்பாகக் கணக்குக் கேட்டது. உள்ளே தட்டு நகரும் சத்தமும் கோழியின் வாசனையும் வந்தன.

“டேய் ஹார்லன்” என்று கத்தினார். “தொடையை எடுத்துடாதே. இரு, நானும் வரேன்.”

ஹார்லன் கோழியின் பெரிய தொடையைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நாளைக்கு வா” என்றார்.